மிதிவண்டியும் கலோரிக் கணக்கும்
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



சைக்கிள் ஓட்டினால் உடல் இளைக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு ஓட்டினால் எவ்வளவு இளைக்கும் என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. விடை இல்லாததால் சிலர் மூன்று மாதம் ஓட்டிவிட்டு, ‘இதனால் ஒரு பயனும் இல்லை’ என்று வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுகின்றனர். வேறு சிலர் சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று பட்டினியும் கிடந்து, வண்டியும் மிதித்து மயங்கி விழுகின்றனர். இரு வகையினரும் எனக்குத் தெரிந்தவர்கள் ஆதலால் இதனை எழுதத் துணிந்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். அல்ஜீப்ராவுக்கு அஞ்சுகிறவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில் கலோரி என்பது யாது? ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கிலோ கலோரி. ஆங்கில நூல்களில் இதையே பெரிய எழுத்திட்டுக் கலோரி என்று எழுதுவதும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை இல்லை; எனவே நாம் கிலோ கலோரி என்று முழுப் பெயராலேயே அழைப்போம். பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருப்பதும் அதுவே. நம் ஊரில் குழாய் நீர் ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கிறது. அதில் ஒரு லிட்டரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பதோ 120 கிலோ கலோரி. ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்த பிறகும் மிச்சமிருக்கும் வெப்பம் ஒரு கரண்டி எண்ணெய்க்குள் அடங்கிக் கிடக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

உணவு உடலுக்குள் எரிகிறது என்ற உண்மையை முதலில் அளந்து காட்டியவர் பிரான்சு நாட்டு லவாய்சியர். நம் வேதியியல் பாடத்தில் வரும் அதே லவாய்சியர்தான். அவரும் லாப்லாஸ் என்னும் கணித அறிஞரும் 1783-ஆம் ஆண்டையொட்டி ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தனர். உயிர்கள் மூச்சு விடுவதும் ஒரு வகை எரிதலே என்ற முடிவுக்கு வந்தனர். நூறாண்டுக்குப் பின், 1890-களில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அட்வாட்டர் என்ற அறிஞர் மனிதரையே அடைக்கக்கூடிய ஓர் அறையைக் கட்டினார். அதில் பல நாள் தங்கி உண்டு உறங்கியவர்களின் உடல் வெளியிடும் வெப்பத்தை அவர் அளந்தார். அந்த அறைக்குள் நகராத மிதிவண்டி ஒன்றும் இருந்தது! தங்கியவர்கள் அதனை மிதிக்க வேண்டும். அது மட்டுமா? 1898-இல் நியூயார்க்கில் ஆறு நாள் தொடர்ந்து நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஓட்டியவர்கள் என்ன உண்டார்கள் என்றுகூட அட்வாட்டர் குழுவினர் எடை போட்டுப் பார்த்தனர். ஆகவே கலோரிக் கணக்குக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 கிலோ கலோரி என்று நாம் இன்று பயன்படுத்தும் எண்களும் அட்வாட்டர் தந்தவையே.

இனிக் கணக்குக்கு வருவோம். எங்கள் தந்தையாரின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன். அவருக்கு வயது 46, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்க்கும் வேலை. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைத்தால் மருந்தில்லாமல் தப்பலாம் என்று மருத்துவர் கூறினார். அன்று முதல் பாளையங்கோட்டையிலிருந்து சந்திப்புப் பகுதி அலுவலகத்துக்கு அப்பா சைக்கிளில் போகத் தொடங்கினார். சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். ஒரு தடவைக்கு 28 நிமிடம். மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் முள் அதே 82-இல் நின்றது. வீட்டில் அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

எங்கே போயிற்று அந்த உழைப்பு? அதைக் கண்டுபிடிக்க வரவு, செலவு இரண்டும் தெரிய வேண்டும்.

செலவில் பெரும்பங்கு நாம் சும்மா இருப்பதற்கே ஆகிறது. இதயம் துடிக்கவும், நுரையீரல் விரியவும், மூளை இயங்கவும், உடல் சூடு 37 டிகிரியில் நிற்கவும் படுத்துக் கிடந்தாலும் எரிபொருள் வேண்டும். இதனை அடிப்படைச் செலவு என்போம். ஒவ்வொருவரையும் அட்வாட்டரின் அறைக்குள் அடைத்துப் பார்க்க இயலாதல்லவா? ஆகவே 1990-இல் மிஃப்லின், செயின்ட் ஜியோர் என்பவர்கள் பலரை அளந்து ஒரு வாய்பாடு வகுத்தனர். எடையைப் பத்தால் பெருக்குக, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுக. வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க. பிறகு ஆணாயின் 5 கூட்டுக, பெண்ணாயின் 161 கழிக்க. (பெண்ணுக்கு ஏன் இத்தனை கழிவு என்று வகுப்பில் பெரும் விவாதமே நடந்தது. ஒரே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். தசைதான் அதிகம் எரிக்கும் என்று உயிரியல் ஆசிரியை விளக்கிய பின்னரே அடங்கியது.)

அப்பாவுக்கு: 820, அதோடு 1062.5, அதிலிருந்து 230 போக, 5 கூட்ட, 1657.5 வருகிறது. இது அசையாமல் கிடப்பதற்கு. எழுந்து, குளித்து, அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் வாழ்வுக்கு இதனை 1.4-ஆல் பெருக்க வேண்டும். வருவது 2320 கிலோ கலோரி. கடினமான உடலுழைப்பு உடையவர்களுக்குப் பெருக்கும் எண் 2 வரையும் அதற்கு மேலும் போகும். உட்கார்ந்து வேலை செய்கிறவர், ‘எனக்கு எவ்வளவு வேலை தெரியுமா!’ என்று பெரிய எண்ணை எடுத்துக்கொண்டால் கணக்கு முதல் வரியிலேயே கெடும்.

இப்போது மிதிவண்டி. உடல் வேலைகளை ‘மெட்’ என்ற அளவால் குறிக்கின்றனர். சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மெட்; அது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி. மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் குறைவாகச் சைக்கிளில் போவது 4 மெட். 16 முதல் 19 வரை வேகமென்றால் 6.8. அதற்கும் மேல் 22 வரை சென்றால் 8. அப்பாவின் வேகம் 15 ஆகையால் 4 மெட். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அந்த நான்கில் ஒன்று அவர் சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். அது 2320-க்குள் முன்பே வந்துவிட்டது. ஒரே செலவை இரண்டு பக்கம் எழுதலாமா? ஆகவே 3 மெட் மட்டுமே மிதிவண்டியின் பங்கு. 82 கிலோவை மூன்றால் பெருக்கி, 56 நிமிடத்துக்குக் கணக்கிட்டால் 230 கிலோ கலோரி வருகிறது. கைப்பேசிச் செயலிகளில் பல இந்த ஒன்றைக் கழிக்காமலே காட்டுகின்றன. அப்பாவின் கைப்பேசியும் 300-க்கு மேல் காட்டி அவரை மகிழ்வித்துக்கொண்டிருந்தது.

அலுவலகம் வாரத்தில் ஆறு நாள். ஆறு நாள் ஓட்டத்தை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200. ஆக மொத்தச் செலவு 2520 கிலோ கலோரி.

காற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வண்டி வேகம் எடுக்க எடுக்க நம் உழைப்பைத் தின்பது சாலையன்று, காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் மாவட்டத்தில் மேற்கேயிருந்து காற்று எப்படி வீசும் என்பதைக் கயத்தாற்றுக் காற்றாலைகளைப் பார்த்தவர்கள் அறிவர். காலையில் அப்பா அந்தக் காற்றை எதிர்த்துப் போகிறார். மாலையில் அதே காற்று அவரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. போகும்போது இழந்தது திரும்பும்போது முழுவதும் கிடைப்பதில்லை என்பது அவருடைய முறையீடு. இயற்பியலும் அவர் பக்கமே.

மற்றொன்று: நாம் எரிக்கும் எரிபொருளில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியெல்லாம் வெப்பமாகப் போகிறது. வியர்வை கொட்டுவது அதனால்தான். கொட்டிய வியர்வையின் எடை குறைந்ததைப் பார்த்து, ‘ஒரே நாளில் முக்கால் கிலோ இளைத்தேன்’ என்று சொல்வோர் ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அது திரும்பிவிடும்.

செலவு தெரிந்துவிட்டது. வரவைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதன்று. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் இட்லியையும் சோற்றையும் சொல்வர். தாளித்த எண்ணெயைச் சொல்ல மாட்டார்கள். எனவே நான் அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டை எடுத்தேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் நான்கு லிட்டர் எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 920 கிராம். ஒன்பதால் பெருக்கினால் 8280. நான்கு லிட்டரை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 276 கிலோ கலோரி எண்ணெயிலிருந்து மட்டும்! மாதம் நான்கு கிலோ சர்க்கரை. அதில் ஆளுக்கு 133. இரண்டையும் கூட்டினால் 409. அப்பா ஏழும் ஏழும் பதினான்கு கிலோமீட்டர் மிதித்துச் செலவழிப்பது 230 என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ‘என் சமையலைக் குற்றம் சொல்லவா நோட்டை எடுத்தாய்?’ என்று அம்மா கேட்டார்கள். ஆனாலும் அடுத்த மாதம் இரண்டரை லிட்டரே வாங்கினார்கள். அப்பளம் பொரிப்பது நின்று, சுடுவது தொடங்கியது.

எஞ்சிய மர்மத்தை அப்பாவே அவிழ்த்தார். மாலையில் பசி தாங்காமல் பாலத்தருகே ஒரு டீக்கடையில் இரண்டு உளுந்த வடையும் ஒரு தேநீரும். வடை ஒன்று ஏறத்தாழ 100. பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த தேநீர் 80 அல்லது 90. மொத்தம் 280-க்கும் மேல். உழைத்தது 230, உண்டது 280. எடை ஏறாமல் நின்றதே பெரிது. உழைத்தவனுக்குப் பசிக்கும் என்பது இயற்கை; அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆயினும் இந்த ஒரு செலவைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று மாத உழைப்பைப் பழிப்பது சைக்கிளுக்குச் செய்யும் அநீதி. (எங்கள் ஊர் அல்வாவை இக்கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வாசகர்கள் மன்னிக்க.)

உடலில் சேர்ந்த கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7700 கிலோ கலோரி குறைய வேண்டும் என்பர். அப்பா தம் 2520-இலிருந்து 400 குறைத்து 2120-ஐத் தமக்கு வரம்பாக வைத்துக்கொண்டார். மருத்துவரும் அது மிதமானதே என்றார். வாரத்துக்கு 2800 குறையும். ஒரு கிலோ இறங்க இரண்டே முக்கால் வாரம். வேகமாகக் குறைக்கலாமே என்று கேட்கலாம். பெருமளவு குறைத்தால் உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. அதனால் பயறு, முட்டை, மீன், மோர் முதலியவற்றை அவர் குறைக்கவில்லை. சோற்றில் ஒரு கரண்டியும், எண்ணெயும், சர்க்கரையும், அந்த வடையுமே குறைந்தன. மாலைப் பசிக்கு இப்போது சுண்டல் கட்டிக்கொண்டு போகிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ ஏற்கெனவே போட்டுக்கொள்கிறவர்கள் இவ்வாறு தாமாகக் குறைக்கக் கூடாது. மருந்தும் மிதித்தலும் சேர்ந்து இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

எட்டு மாதம் ஆயிற்று. கணக்குப்படி பன்னிரண்டரை கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது ஆறு கிலோ. கணக்குப் பொய்யா? இல்லை. இரண்டு திருமண விருந்து, கிறிஸ்துமஸ், ஞாயிறுதோறும் கறிக்குழம்பு ஆகியவை நோட்டில் ஏறவில்லை. அதோடு, எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. 82 கிலோவைச் சுமந்த சைக்கிள் இப்போது 76 கிலோவைச் சுமக்கிறது. அடிப்படைச் செலவும் 60 கிலோ கலோரி தாழ்ந்துவிட்டது. 7700 என்று வகுத்துக்கொண்டே போனால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் முதலியோர் 2011-இல் விளக்கியுள்ளனர். அதனால் வாய்பாடு தருவது ஒரு தொடக்கமே. வாரம் ஒருமுறை, அதே நாள், காலையில் உண்ணுமுன் எடை பார்த்து, நான்கு வாரத்தில் முள் அசையாவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டும்.

ஆறு கிலோ அற்பம் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றவர்கள் தம் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைத்து, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதை இலக்காக வைத்தபோது, நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்விலும் உணவு, நடைப் பழக்கத்தை மாற்றியவர்களுக்கு நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. 82-இல் ஏழு பங்கு என்பது 5.74 கிலோ. அப்பா அதைத் தாண்டிவிட்டார். கடைசியாகப் பார்த்த பரிசோதனைத் தாளை அம்மா கணக்கு நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

இனித் தோழியர்களுக்குச் சொல்ல வேண்டியது. மேற்கண்ட கணக்கை எவரும் தம் பெயருக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். நான் அதட்டிச் சொல்வதன்று; கணக்கே அதைச் சொல்கிறது. மிஃப்லின் வாய்பாடு 19 வயதுக்கு மேற்பட்டவர்களை அளந்து வகுத்தது. நமக்கு அது பொருந்தாது. வளர்ந்து முடிந்த உடலுக்கு இயங்கும் செலவு மட்டுமே உண்டு. நமக்கோ எலும்பு நீளவும், இரத்தம் பெருகவும், உறுப்புகள் முதிரவும் தனிச் செலவு உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பட்டியலில் 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2400 கிலோ கலோரி என்று குறித்துள்ளது. உட்கார்ந்து வேலை செய்யும் வளர்ந்த பெண்ணுக்கு அதே பட்டியலில் 1660. அதாவது, நம் அம்மாக்களைவிட நமக்கு அதிகம் வேண்டும்! அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் மக்காரிசன் என்ற மருத்துவரால் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டது என்பதும், பின்னர் அதன் தலைவராக விளங்கிய கோபாலன் அவர்கள் சேலத்தில் பிறந்தவர் என்பதும் நமக்குப் பெருமையே.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து மிதிவண்டியில் வருகிறாள். சென்ற ஆண்டு அவள் காலையில் ஒன்றும் உண்ணாமல் வருவதும், மதிய உணவைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதுமாக இருந்தாள். யாரோ அவள் உடம்பைப் பற்றிக் கேலி பேசியதுதான் காரணம். விளையாட்டு விழா ஒத்திகையில் அணிவகுப்பின் நடுவே சாய்ந்துவிட்டாள். நெற்றியில் இரண்டு தையல். இரத்தச் சோகை என்று பிறகு தெரிந்தது. உண்பதைவிட அதிகம் உழைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும், எலும்பு வலுவிழந்து முறிவதும் உண்டு என்று 2014-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு எச்சரித்தது. பந்தய வீராங்கனைகளுக்கே இந்நிலை என்றால் நமக்கு? பதினைந்து வயதில் எலும்பில் சேராத சுண்ணாம்புச் சத்தை ஐம்பது வயதில் மாத்திரையால் ஈடுகட்டுவது கடினம். உடல் எடை உண்மையிலேயே மிகுதி என்று மருத்துவர் சொன்னால், அதற்கு வழி அவர் சொல்வதே; தோழி சொல்வதும் அன்று, கைப்பேசி சொல்வதும் அன்று.

அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டி நம்மில் பலருக்குக் கிடைக்கும். அப்போது நாம் போட வேண்டியது கூட்டல் கணக்கு. 45 கிலோ எடையுள்ள பெண் போகவர 40 நிமிடம் மெதுவாக ஓட்டினால், பெரியவர்களுக்குரிய அளவின்படியே மூன்று மெட் வீதம் 90 கிலோ கலோரி கூடுதலாகச் செலவாகும். ஒரு வாழைப்பழம் அதை நிரப்பிவிடும். இரவு முழுதும் உண்ணாமல் உறங்கி எழும்போது கல்லீரலிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். ஆகவே காலை உணவைத் தள்ளிவிட்டு வண்டியில் ஏறினால் தலை சுற்றுவதில் வியப்பில்லை. இரண்டு இட்லியாவது சாம்பாரோடு இறங்க வேண்டும்.

அந்தத் தோழி இப்போது என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து உண்கிறாள். அவள் கொண்டு வரும் கடலை மிட்டாய் எங்கள் வரிசை முழுவதும் பங்காகிறது. வேர்க்கடலை 25 கிராமில் 140 கிலோ கலோரியும் ஆறு கிராமுக்கு மேல் புரதமும் உண்டு என்று நான் சொன்னபோது, ‘கணக்குப் போடாமல் தின்னு’ என்றாள்.